நிலவுக்கு முகம் வரைந்தவர்

நுழையும்முன்

தேவதை, மாயக்காரன், அரக்கன், திறக்கக்கூடாத அறை, அறியா உலகுக்குச் சென்று மீளும் பயணி ஆகிய உருவங்கள் ஏதோ ஒரு வடிவில் எல்லா நாட்டுக் கதைகளிலும் வருகின்றன. மாந்தரின் அச்சமும் ஆசையும் காலங்காலமாக இவற்றையே உடுத்திக்கொள்கின்றன. இவற்றைத் 'தொல்படிமங்கள்' என்னும் பெயரால் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே, அசையும் படம் என்னும் புதிய கருவியைக் கொண்டு இவ்வுருவங்களுக்கு உடல் தந்தவர் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் மெலியஸ். அவருடைய வாழ்வைப் பற்றியது இப்பாடம்.

மூன்றாம் மகன்

பாரிசு நகரில் 1861ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜார்ஜ் மெலியஸ் பிறந்தார். தந்தை ழான் லூயி மெலியஸ் காலணி தைக்கும் எளிய தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். தாய் டச்சு நாட்டினர். அவருடைய குடும்பமும் காலணித் தொழிலையே செய்துவந்தது. இருவரும் உழைத்து, உயர்ந்த வகைக் காலணிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றைப் பாரிசில் நிறுவினர். ஆன்றி, காஸ்தோன் என்னும் இரு அண்ணன்மார்க்குப் பின் பிறந்த ஜார்ஜ், செல்வச் செழிப்புக்கு நடுவே வளர்ந்தார்.

பள்ளியில் அவருடைய குறிப்பேடுகள் ஆசிரியர்களின் கேலிச் சித்திரங்களால் நிரம்பின. அட்டைகளை வெட்டிச் சிறு பொம்மை அரங்குகளைச் செய்து விளையாடினார். ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவரது விருப்பம். தந்தையோ, தம் தொழிலை மூன்று மக்களும் ஏற்று நடத்த வேண்டும் என எண்ணினார். ஆங்கிலம் பழகி வருமாறு 1884ஆம் ஆண்டு மகனை இலண்டனுக்கு அனுப்பினார். தந்தை எதிர்பாராத ஒன்று அங்கே நிகழ்ந்தது. பிக்காடிலியில் இருந்த எகிப்திய மண்டபத்தில் மாஸ்கலைன் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரர் நடத்திய மாயக்காட்சிகளைக் கண்ட இளைஞரின் உள்ளம் அவற்றிலேயே தோய்ந்தது. ஆங்கிலம் முழுமையாக விளங்காதவருக்கு, சொல் தேவைப்படாத அக்கலை இன்னும் எளிதாக வயப்பட்டிருக்க வேண்டும்.

ஊர் திரும்பியவரைத் தந்தை தொழிற்சாலையின் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தினார். விருப்பமின்றி ஏற்ற அப்பணி வீணாகவில்லை. பற்சக்கரமும் நெம்புகோலும் கப்பியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை மெலியஸ் அங்கேதான் கற்றார். 1885ஆம் ஆண்டு யூஜெனி ஜெனென் என்பவரை மணந்தார். 1888ஆம் ஆண்டு தந்தை தொழிலிலிருந்து ஓய்வு பெற்றதும், தமக்குரிய பங்கை அண்ணன்மார்க்கே விற்றார். அப்பணத்தைக் கொண்டு அவர் வாங்கியது ஒரு மாயவித்தை அரங்கு.

இராபர்ட் ஊதேனின் அரங்கு

கடிகாரம் செய்பவராக இருந்து மாயவித்தைக்காரராக மாறிய இராபர்ட் ஊதேன், பிரெஞ்சு நாட்டு மேடை மாயக்கலையின் தந்தையாக மதிக்கப்படுபவர். அவர் பெயரால் அமைந்த சிற்றரங்கம் பாரிசின் இத்தாலியர் பெருந்தெருவில் இருந்தது. ஏறத்தாழ 200 பேர் மட்டுமே அமரத்தக்க இடம் அது. ஊதேன் செய்த தானியங்கிப் பொம்மைகளும் அங்கே இருந்தன. மெலியஸ் அவற்றைப் பழுது பார்த்தார். மேடையின் அடியில் பொறிக்கதவுகளை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் குறையாத புதிய வித்தைகளை உருவாக்கினார்.

அவற்றுள் ஒன்று சொல்லத்தக்கது. மேடையில் பேராசிரியர் ஒருவர் ஓயாமல் சொற்பொழிவாற்றுவார். பொறுமை இழந்தவர்கள் அவர் தலையைத் துண்டித்துவிடுவர். தலை மட்டும் தனியே இருந்து பேச்சைத் தொடரும். உடலோடு மீண்டும் சேர்க்கும்வரை ஓயாது. தலை வேறு உடல் வேறாகும் இவ்வுருவம் உலகின் தொல்கதைகள் பலவற்றில் அச்சத்தோடு சொல்லப்படுவது. மெலியஸ் அதைச் சிரிப்புக்கு உரியதாக்கினார். சாவை ஏய்த்துவிட்டதாக ஒரு நொடியேனும் மனிதன் மகிழவேண்டும் என்பதே மாயவித்தையின் அடிப்படை ஆசை. அவ்வாசையை அவர் வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், லூமியர் சகோதரர்கள் தங்கள் அசையும் படங்களைப் பாரிசின் கிராண்டு கபேயில் கட்டணம் பெற்றுத் திரையிட்டனர். பார்வையாளருள் மெலியசும் ஒருவர். அசையாத ஒளிப்படம் ஒன்று திரையில் விழுந்தபோது அவர் வியக்கவில்லை. அப்படத்தில் இருந்த வண்டியும் மக்களும் நகரத் தொடங்கியபோது வாயடைத்துப் போனார். அந்தக் கருவிக்கு 10,000 பிராங்கு தருவதாகச் சொன்னார். லூமியர் குடும்பத்தினர் விற்க மறுத்துவிட்டனர். அக்கருவி அறிவியல் ஆய்வுக்கு உரியது. கேளிக்கையில் அதற்கு நெடிய வாழ்வில்லை என்பது அவர்கள் எண்ணம். மெலியஸ் மீண்டும் இலண்டன் சென்றார். இராபர்ட் பால் என்பவர் செய்த படவீழ்த்தியை வாங்கி வந்து, அதன் உறுப்புகளை ஆராய்ந்து, அதையே ஒளிப்பதிவுக் கருவியாக மாற்றி அமைத்தார். அது எழுப்பிய கடும் ஓசையால் அதற்குக் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம் எனப் பெயரிட்டுச் சிரித்தார். காலணித் தொழிற்சாலையில் பெற்ற பயிற்சி இங்கே கைகொடுத்தது. 1896ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 80 குறும்படங்களை எடுத்தார்.

கண்ணாடி வீடு

தொடக்கத்தில் அவரும் மற்றவர்களைப் போலவே தெருவையும் தோட்டத்தையும் சீட்டாடுவோரையும்தான் படமெடுத்தார். பின்னாளில் அவரே சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓப்பெரா சதுக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தபோது கருவி சிக்கிக்கொண்டது. ஒரு நிமிடத்தில் சரிசெய்து மீண்டும் சுழற்றினார். படத்தைத் திரையிட்டபோது, சென்றுகொண்டிருந்த பயணியர் வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் பிணவண்டியாக மாறியிருந்தது. கருவியை நிறுத்தி மாற்றம் செய்யும் உத்தி அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு படத்தில் கையாளப்பட்டதுதான். ஆயினும் அவ்வுத்தியை ஒரு மொழியாக வளர்த்தவர் மெலியசே. அவருடைய கதையில் பயணியர் வண்டி பூக்கடையாகவோ பால்வண்டியாகவோ மாறவில்லை, பிணவண்டியாக மாறியது. உண்மையில் நிகழ்ந்ததாயினும் நினைவில் மெருகேறியதாயினும், வாழ்வும் சாவும் இடம் மாறும் அக்கணம் அவருடைய கற்பனைக்கு மிக நெருக்கமானது.

அதே ஆண்டில் அவர் எடுத்த சாத்தானின் மாளிகை பற்றிய படம் சுமார் மூன்று நிமிடம் ஓடக்கூடியது. பழங்கோட்டை ஒன்றினுள் பெரிய வௌவால் பறந்து வருகிறது, வட்டமிடுகிறது, சட்டென்று சாத்தானாக நிற்கிறது. கொப்பரையிலிருந்து ஒரு பெண் தோன்றுகிறாள். எலும்புக்கூடும் ஆவிகளும் வருகின்றன. இறுதியில் சிலுவையைக் கண்டு சாத்தான் மறைகிறான். பின்வந்த எண்ணற்ற பேய்ப்படங்களின் உறுப்புகள் அனைத்தும் இம்மூன்று நிமிடத்தில் இருந்தன. இவற்றுள் எதுவும் மெலியஸ் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. பாரிசு நாடக மேடைகளில் பல பத்தாண்டுகளாக நடைபெற்றுவந்த தேவதை நாடகங்களிலிருந்தும், பாட்டிமார் சொன்ன கதைகளிலிருந்தும், தேவாலயச் சிற்பங்களிலிருந்தும் வந்தவை அவை. மேடையில் சாத்தான் தோன்றப் பொறிக்கதவும் புகையும் வேண்டும். பார்வையாளன் அவற்றை ஊகித்துவிடுவான். திரையிலோ கதவும் இல்லை, புகையும் இல்லை. கனவில் ஒன்று மற்றொன்றாவது போலவே அங்கும் நிகழ்ந்தது.

1897ஆம் ஆண்டு, பாரிசை அடுத்த மோந்திரேய் என்னும் ஊரில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு படப்பிடிப்புக்கூடம் கட்டினார். கதிரொளி வேண்டுமென்பதால் சுவரும் கூரையும் கண்ணாடியால் ஆயின. உள்ளிருந்த மேடை இராபர்ட் ஊதேன் அரங்கின் மேடை அளவிலேயே அமைந்தது. அக்காலப் படச்சுருள் சில வண்ணங்களைத் தவறாகப் பதித்ததால், பின்னணித் திரைகள், இருக்கைகள், ஆடைகள், ஒப்பனை அனைத்தும் கருமை, வெண்மை, சாம்பல் நிறங்களிலேயே தீட்டப்பட்டன. கதை எழுதியவர், அரங்கம் வரைந்தவர், ஆடை வடிவமைத்தவர், இயக்கியவர், பெரும்பாலும் முதன்மை வேடத்தில் நடித்தவர் என எல்லாம் மெலியசே. பகலில் மோந்திரேயில் படப்பிடிப்பு. மாலையில் பாரிசில் அரங்கக் காட்சி.

தம் உருவத்தையே அவர் பலவாகப் பெருக்கிக்கொண்டது எண்ணிப்பார்க்கத்தக்கது. 1898ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைக்கிறார். கழுத்தில் வேறொரு தலை முளைக்கிறது. அவ்வாறு மூன்று தலைகள் மேசைகளில் வரிசையாக இருந்து பாடத் தொடங்குகின்றன. பாட்டின் ஓசை தாங்காமல் இரு தலைகளை இசைக்கருவியாலேயே அடித்து மறையச் செய்கிறார். 1900ஆம் ஆண்டில் எடுத்த மற்றொரு படத்தில் ஏழு இசைக்கலைஞர்களாக ஒரே நேரத்தில் மேடையில் அமர்ந்திருக்கிறார். ஒரே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் அசைவுகள் எண்ணிக்கை பிசகாமல் இருக்க வேண்டும். ஏழாவது முறையில் தவறினால் முன்னைய ஆறும் பாழ். இத்தனை துன்பத்துக்கும் விளைவு ஒரு நிமிடச் சிரிப்பு. ஒருவனுக்குள் பலர் இருக்கின்றனர், அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை என்னும் பழைய உண்மையை இதைவிட எளிதாகக் காட்டியவர் அரியர்.

கண்ணாடிக் காலணியும் குருதிபடிந்த திறவுகோலும்

காலணி செய்பவரின் மகன் எடுத்த முதல் நெடிய கதைப்படம் சிண்டரெல்லாவின் கதை என்பது இனிய பொருத்தம். 1899ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம் ஒரே காட்சியில் முடிந்துவிடாமல் இருபது காட்சிகளாக விரிந்தது. ஒரு காட்சி மங்க மற்றொன்று அதிலிருந்தே துலங்கி வரும் உத்தியை அதில் கையாண்டார். நள்ளிரவு மணி அடித்ததும் மாயம் கலைந்துபோன பெண்ணின் கனவில் கடிகாரங்கள் ஆளுருவாகி ஆடுகின்றன. காலம் ஒரு பகைவனாக வந்து நிற்பதைச் சொல்லின்றிக் காட்டிய காட்சி அது.

1901ஆம் ஆண்டில் எடுத்த நீலத்தாடிக்காரனின் கதை இன்னும் இருண்டது. செல்வன் ஒருவன் புதுமனைவியிடம் மாளிகையின் திறவுகோல்களைத் தந்து, ஓர் அறையை மட்டும் திறக்கக்கூடாது எனச் சொல்லிச் செல்கிறான். அவள் திறக்கிறாள். அங்கே முன்னைய மனைவியர் எழுவரின் உடல்கள் தொங்குகின்றன. திறவுகோலில் படிந்த குருதி கழுவினாலும் போகவில்லை. அன்றிரவு அவள் கனவில் அத்திறவுகோல் மாபெரும் உருவெடுத்து நிற்கிறது. தடுக்கப்பட்ட அறை என்னும் படிமம் பல நாட்டுக் கதைகளில் உண்டு. அறிய விரும்பியவளைக் குற்றவாளியாக்கும் கதை இது எனலாம். அறிந்ததால்தான் அவள் பிழைத்தாள் எனவும் கொள்ளலாம். மெலியஸ் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நீலத்தாடிக்காரனாக நடித்தவர் அவரே.

அவர் படங்களில் கொடியவர் வேடம் பெரும்பாலும் அவருக்கே உரியது. தன் உயிரைச் சாத்தானுக்கு விற்ற பாசுட்டு என்னும் அறிஞனின் கதையைப் பலமுறை படமாக்கினார். 1906ஆம் ஆண்டுப் படத்தில் உலகைச் சுற்றிவர ஆசைப்பட்ட பொறியாளன் ஒருவன் சாத்தானோடு உடன்படிக்கை செய்கிறான். எலும்புக்குதிரை பூட்டிய வண்டியில் விண்வெளியில் பறக்கிறான். முடிவில் நரகத்தில் இரும்புக்கோலில் கோத்து நெருப்பின்மேல் சுற்றப்படுகிறான். மெலியசின் சாத்தான் அச்சுறுத்துபவன் அல்லன், குறும்புக்காரன். குதிக்கிறான், கைதட்டுகிறான், பொருள்களை இடம் மாற்றுகிறான். சாத்தானும் மாயவித்தைக்காரனும் ஒருவனே என்பது போல் அவர் நடித்தார். தேவதைகளை மட்டும் அவர் அழகுப் பொருள்களாகவே நிறுத்திவிட்டார் என்பது குறையே. அவருடைய மேகங்களிலும் விண்மீன்களிலும் அமர்ந்திருக்கும் பெண்கள் புன்னகை செய்வதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

நிலவுக்குப் பயணம்

1902ஆம் ஆண்டு வெளிவந்த நிலவுப்பயணப் படமே அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. அன்றைய படங்கள் பலவும் ஓரிரு நிமிடமே ஓடின. இதுவோ ஏறத்தாழ 14 நிமிடம். மூன்று மாதம் உழைத்து, 10,000 பிராங்கு செலவில் எடுத்தார். ழூல் வெர்ன், எச்.ஜி. வெல்ஸ் ஆகியோரின் புதினங்கள் அவருக்குத் தூண்டுதலாயின.

வானியல் அறிஞர்கள் கூடியிருக்கும் அவையோடு படம் தொடங்குகிறது. அவர்கள் விண்மீன் பொறித்த நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் அணிந்திருக்கின்றனர்; பழங்கதைச் சூனியக்காரர்களின் கோலம் அது. பயணம் முடிவானதும் அங்கிகளைக் களைந்துவிட்டு அன்றைய பாரிசு நகரத்தாரின் உடையை மாட்டிக்கொள்கின்றனர். முன்னாளில் மந்திரவாதி இருந்த இடத்தில் இப்போது அறிவியலாளன் நிற்கிறான் என்பதை ஓர் ஆடைமாற்றத்தால் சொல்லிவிடுகிறார் மெலியஸ். தலைமை அறிஞராக நடித்தவரும் அவரே.

பெரிய பீரங்கியிலிருந்து குண்டுக்கலம் பாய்கிறது. நிலவு நெருங்கி வருகிறது. அதற்கு முகம் இருக்கிறது. கண்ணும் மூக்கும் வாயும் உள்ள உயிர்முகம். கலம் அதன் கண்ணில் சென்று குத்திக்கொள்கிறது. திரைப்பட வரலாற்றில் இதைப்போல் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்ட காட்சி வேறு இருத்தல் அரிது. நிலவில் முயலைக் கண்டவர் உண்டு, பாட்டியைக் கண்டவர் உண்டு, முகத்தைக் கண்டவர் உண்டு. தொலைவில் ஒளிரும் அதனை வெறும் கல்லாகக் காண மாந்தர் மனம் ஒப்பியதில்லை. மெலியஸ் அப்பழைய முகத்தை வரைந்து, அதன் கண்ணில் புதிய நூற்றாண்டின் பீரங்கிக்குண்டைப் பாய்ச்சினார். பார்த்தவர் சிரித்தனர். அச்சிரிப்பினுள் சிறு வலியும் இருக்கிறது.

அடுத்த காட்சியில் அதே கலம் நிலவின் தரையில் மெல்ல இறங்குகிறது. ஒரே நிகழ்ச்சி இருமுறை காட்டப்படுகிறது. முதலில் கனவாக, பிறகு கதையாக. பயணிகள் உறங்கும்போது விண்மீன்கள் பெண்முகம் காட்டுகின்றன. நிலவின் அடியிலுள்ள குகையில் பெருங்காளான்கள் வளர்கின்றன. அங்கு வாழ்வோராக நடித்தவர்கள் ஃபோலி பெர்ழேர் கலையரங்கின் கழைக்கூத்தர்கள். பயணிகள் தங்கள் குடையால் ஓங்கி அடித்ததும் நிலவுவாசிகள் புகையாகிப் போகின்றனர். பயணிகள் சிறைப்பட்டுத் தப்பியோடி, மலைவிளிம்பிலிருந்து கலத்தோடு விழுந்து, கடலில் வந்து சேர்கின்றனர். கலத்தைப் பற்றியவாறு உடன் வந்துவிட்ட நிலவுவாசி ஒருவன் ஊர்வலத்தில் வேடிக்கைப் பொருளாக்கப்படுகிறான். ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் பங்கிட்டுக்கொண்டிருந்த காலம் அது. தொலைநாட்டவரைக் குடையால் அடித்து வென்று, பதக்கம் சூட்டிக்கொள்ளும் தாடிக்கார அறிஞர்களை மெலியஸ் வீரராகக் காட்டினாரா, கோமாளிகளாகக் காட்டினாரா என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. இளமையில் அரசியல் இதழ் ஒன்றுக்குக் கேலிச்சித்திரம் வரைந்த கை அது.

சில படிகளுக்கு வண்ணமும் ஊட்டப்பட்டது. எலிசபெத் துயிலியே என்னும் அம்மையாரின் கூடத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு வண்ணம் மட்டும் என்னும் முறையில், விரல்நுனி அளவே உள்ள படங்களில் தூரிகையால் தீட்டினர். படச்சுருள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு நகர்ந்தது.

வெற்றியின் பயன் அவருக்கு முழுமையாக வந்து சேரவில்லை. அமெரிக்காவில் அவர் படத்தைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்து விற்றுப் பலர் பொருள் ஈட்டினர். அதைத் தடுக்க அண்ணன் காஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்பிக் கிளை நிறுவினார்.

மாறிய காலம்

படங்களை விற்கும் முறை மாறி வாடகைக்கு விடும் முறை வந்தது. பெருநிறுவனங்கள் தொழிலைக் கைப்பற்றின. 1908ஆம் ஆண்டு எடிசனின் கூட்டமைப்பில் இணைந்தபோது, வாரந்தோறும் 1000 அடிப் படச்சுருள் தரவேண்டிய கடமை ஏற்பட்டது. ஒரு காட்சிக்கு ஏழுமுறை பதிவு செய்த கலைஞர் கிழமைக்கணக்கு பார்த்துப் படமெடுக்க நேர்ந்தது. 1909ஆம் ஆண்டு பாரிசில் கூடிய படத்தயாரிப்பாளர் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்மதிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. 1911ஆம் ஆண்டு பாத்தே நிறுவனத்திடம் பணம் பெற்றார். மோந்திரேய் வீடும் படப்பிடிப்புக்கூடமும் அதற்கு ஈடாயின.

1912ஆம் ஆண்டு துருவப்பயணப் படத்தை எடுத்தார். பனிக்குள்ளிருந்து எழும் அரக்கன் அதன் சிறப்பு. எந்திரங்களால் இயக்கப்பட்ட மாபெரும் பொம்மை அது. புகை பிடிக்கும், கண்ணை உருட்டும், பயணி ஒருவரை விழுங்கிப் பின் உமிழும். படம் தோற்றது. துருவங்களை அடைந்த மெய்யான மனிதர்களின் ஒளிப்படங்கள் நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த காலத்தில், பனியரக்கனை நம்ப மக்களுக்கு மனமில்லை. மற்ற இயக்குநர்கள் கருவியை நகர்த்தினர், முகத்தை நெருங்கிக் காட்டினர், தெருவுக்குச் சென்றனர். மெலியசின் கருவியோ, அரங்கின் நடுவரிசையில் அமர்ந்த பார்வையாளனைப் போல ஓரிடத்திலேயே நின்றது. அவர் கற்பனை எங்கும் பறந்தது; கருவி மட்டும் எழுந்து நடக்கவேயில்லை.

இதனிடையே காஸ்தோன், பசிபிக் தீவுகளுக்கும் ஆசியாவுக்கும் படமெடுக்கச் சென்று பெரும்பொருளை இழந்தார். உடன்பிறந்தார் இருவரும் அதன்பின் பேசிக்கொள்ளவே இல்லை. 1913ஆம் ஆண்டு மனைவி யூஜெனி இறந்தார். அடுத்த ஆண்டு உலகப்போர் மூண்டது, அரங்கு மூடப்பட்டது. கண்ணாடிக்கூடம் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையாயிற்று. அவருடைய நிறுவனத்தின் நானூறுக்கும் மேற்பட்ட படச்சுருள்களைப் படைத்துறை எடுத்துச்சென்று உருக்கியது. அவற்றிலிருந்த வெள்ளி தனியே பிரிக்கப்பட்டது. எஞ்சிய செல்லுலாய்டு காலணிகளுக்குக் குதிகால் செய்யப் பயன்பட்டது. தந்தையின் தொழிலைத் துறந்து கனவுகளைச் செய்யப் போனவரின் கனவுகள் காலணிகளாகவே திரும்பின.

1923ஆம் ஆண்டு மோந்திரேய் உடைமை பாத்தே நிறுவனத்தின் கைக்குச் சென்றது. புதிய பெருந்தெரு அமைப்பதற்காக இராபர்ட் ஊதேன் அரங்கும் இடிக்கப்பட்டது. கூடத்தில் அடுக்கியிருந்த மூலப்படச்சுருள்களைக் கொண்டுசெல்ல இடமில்லை. வைத்துக் காக்கப் பொருளுமில்லை. மெலியஸ் அவற்றைத் தோட்டத்தில் குவித்துத் தம் கையாலேயே தீயிட்டார். அரங்கத் திரைகளும் ஆடைகளும் அழிந்தன. அச்செயலைச் சினம் என்பதா, துயரம் என்பதா? திரையில் எத்தனையோ முறை நெருப்பை வரவழைத்துப் பொருள்களை மறையச் செய்து, மறுகணம் மீட்டுக்காட்டியவர் அவர். இம்முறை மீட்க உத்தி எதுவும் இல்லை.

மோன்பர்னாசு தொடர்வண்டி நிலையம்

அவருடைய தொடக்ககாலப் படங்களில் மறைந்துபோகும் பெண்ணாக நடித்தவர் ழான் தால்சி. அவரை 1925ஆம் ஆண்டு மெலியஸ் மணந்தார். தால்சி மோன்பர்னாசு தொடர்வண்டி நிலையத்தில் பொம்மைகளும் இனிப்புகளும் விற்கும் சிறுகடை நடத்திவந்தார். அறுபது வயதைக் கடந்த மெலியசும் அக்கடையில் அமர்ந்தார். கதவில்லாத கடை, குளிர்காலத்தில் வாடைக்காற்று நேரே வீசும். விடுமுறை இன்றி நாள்முழுதும் அங்கே இருந்தார். பொம்மை வாங்கித் தரும்படி பெற்றோரின் கையை இழுத்த சிறுவர்களுக்கு, வெண்தாடி முதியவர் யாரெனத் தெரியாது. பெற்றோர்க்கும் தெரியாது, அவர்களுள் சிலரேனும் தம் இளமையில் நிலவின் கண்ணில் குண்டு பாய்ந்ததைக் கண்டு சிரித்திருப்பர்.

1920-களின் பிற்பகுதியில், திரைப்பட இதழ் ஒன்றின் ஆசிரியர் லியோன் துருவோ அவரை அடையாளம் கண்டு எழுதினார். மோக்ளேர் என்னும் திரையரங்க உரிமையாளர், பழைய மாளிகை ஒன்றில் கிடந்த பெட்டிகளிலிருந்து மெலியசின் படங்கள் சிலவற்றை மீட்டார். 1929ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பாரிசின் பிளேயல் மண்டபத்தில் அவை திரையிடப்பட்டன. அரங்கு நிறைந்த மக்கள் அவரை வாழ்த்தினர். 1931ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு லெஜியன் தோனர் வரிசையில் செவாலியே பட்டம் அளித்தது. பதக்கத்தை அணிவித்தவர் லூயி லூமியர். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கருவியை விற்க மறுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். விருதுக்குப் பிறகும் கடைக்குச் செல்வது நிற்கவில்லை. வயிற்றுப்பாடு அப்படி.

மகள் ழோர்ழெத் 1930ஆம் ஆண்டு இறந்தார். அவருடைய சிறுமகள் மதலேன் பாட்டனார் பொறுப்பில் வளர்ந்தாள். 1932ஆம் ஆண்டு, ஓர்லியில் இருந்த திரைப்படக் கலைஞர் ஓய்வில்லத்தில் மூவருக்கும் இடம் கிடைத்தது. அங்கே மெலியஸ் மீண்டும் வரையத் தொடங்கினார். இழந்த படங்களின் காட்சிகளையும் சாத்தானையும் நிலவையும் நினைவிலிருந்து தாளில் தீட்டினார். அவரைக் காண இளைஞர்கள் வந்தனர். பழைய படங்களைத் தேடிச் சேர்த்துக் காக்க முனைந்திருந்த ஆன்றி லாங்குலுவா, ழோர்ழ் பிராஞ்சு என்னும் இருவர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். சேர்த்த படச்சுருள்களை வைக்க ஓய்வில்லத்தின் அருகே கைவிடப்பட்டிருந்த கட்டடம் ஒன்றை 1936ஆம் ஆண்டு வாடகைக்கு எடுத்தனர். அதன் திறவுகோலை மெலியசிடம் ஒப்படைத்தனர். தம் படச்சுருள்களை எரித்தவரே பிறர் படச்சுருள்களுக்குக் காவலரானார்.

1938ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் புற்றுநோயால் பாரிசு மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். பெர் லசேசு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பேத்தி மதலேன் வளர்ந்தபின், பாட்டனாரின் படங்களை நாடு நாடாகத் தேடிச் சேர்ப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, அவருடைய வரலாற்றையும் எழுதினார். அவர் எடுத்த 500-க்கும் மேற்பட்ட படங்களுள் ஏறத்தாழ 200 இன்று கிடைக்கின்றன.

வண்ணம் தீட்டிய நிலவுப்பயணப் படி ஒன்றும் எஞ்சவில்லை என நெடுங்காலம் கருதப்பட்டது. 1993ஆம் ஆண்டு இசுபெயின் நாட்டின் பார்சிலோனாவில் ஒரு படி வெளிப்பட்டது. சுருள் முழுதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாக இறுகியிருந்தது. வல்லுநர்கள் பல்லாண்டு பொறுமையோடு அதைச் சிறிது சிறிதாகப் பிரித்து, 13,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கணினி வழியே சீர்செய்தனர். 2011ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், பெயர் அறியாத அப்பெண்கள் தூரிகையால் தீட்டிய நிறங்களோடு நிலவின் முகம் மீண்டும் திரையில் தோன்றியது.